'நிலைத்துணிவு' என்ற சொல் குறித்து

அன்புள்ள ஐயா,

விழாமல் நடமாட முடியும் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் உறுதியைக் குறிக்கத் தாங்கள் முன்வைத்த 'சமநிலை நம்பிக்கை' என்ற சொல்லை, மட்டக்களப்பில் நடுக்க நோயாளரிடம் நாங்கள் பயன்படுத்தும் வினாக்கொத்தில் இட்டுப் பார்த்தேன். அது பொருந்தவில்லை. முதியோர் பலர் "எதில நம்பிக்கை மனே?" என்று திருப்பிக் கேட்டார்கள், சிலர் மருந்தின் மீதுள்ள நம்பிக்கை என்றும் சிலர் கடவுள் நம்பிக்கை என்றும் எடுத்துக்கொண்டார்கள். கை நடுக்கத்துக்காக வந்த ஓர் அம்மம்மாதான் எனக்குச் சொல்லைத் தந்தார்: "கை நடுங்கினாப் பரவாயில்ல மனே, கிணத்தடிக்குப் போகத்தான் துணிவு வருதில்ல." எனவே 'நிலைத்துணிவு' என்று முன்மொழிகிறேன். துணிதல் என்பதற்கு அஞ்சாமை மட்டுமன்றி, ஆய்ந்து முடிவுக்கு வருதல் என்ற பொருளும் உண்டு. இங்கு அந்தப் பொருளே முதன்மையானது.

ஏனெனில் ஆங்கிலத்தில் essential tremor எனப்படும் இந்த நடுக்கநோய் கையோடு நிற்பதில்லை. சிறுமூளையின் பணி குன்றுவதால், ஒரு பாதத்தின் குதியை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டிவைத்து நடக்கச் சொன்னால் பலர் தடுமாறுகிறார்கள். மறதிநோய் இல்லாத நோயாளரிடையேயும், அறிதிறன் குறைந்தவர்களே கூடுதலாக விழுகிறார்கள், அவர்களுக்கே நிலைத்துணிவும் குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நடக்கும்போது பாதையைக் கணிப்பதும் அடியைத் திருத்துவதும் மூளை செய்யும் வேலைகள் அல்லவா?

துணிவு என்பது அசட்டுத் துணிவையும் குறிக்குமே என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் கால் தள்ளாடும் ஒருவர் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் துணிவு என்று சொன்னால் அதுவும் மருத்துவர் அறிய வேண்டிய செய்தியே. இரண்டு பக்கத்தையும் தாங்கும் சொல்லாகவே இதைக் கருதுகிறேன்.

அறிதிறன் குறைவதைக் குறிக்கும் 'அறிவாற்றல் வீழ்ச்சி' என்ற சொல்லையும் கைவிட வேண்டுகிறேன். விழுதலைப் பற்றிய கட்டுரையில் இரண்டு வீழ்ச்சிகள் குழப்பும்; அதோடு, தாயின் அறிவு வீழ்ந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 'அறிதிறன் நலிவு' போதும். Essential tremor என்பதை 'அத்தியாவசிய நடுக்கம்' என்பது வெறும் பிழை. essential என்பதற்குக் காரணம் புலப்படாதது என்பதே அங்கு மருத்துவப் பொருள் என்பதால் 'தான்தோன்றி நடுக்கம்' என்போம்.

ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. 1995இல் கனடாவில் உருவான மூல வினாக்கொத்தின் 16 வினாக்களுள் ஒன்று, பனி உறைந்த நடைபாதையில் நடப்பதைப் பற்றியது. அதற்கு ஈடாக மாரி மழையில் நனைந்த வயல் வரம்பை வைக்க எண்ணுகிறேன். ஆனால் கல்லடி, நாவலடிப் பக்கத்துக் கடலோர மக்களுக்கு வரம்பு பழக்கமில்லை. பாசி படிந்த கிணற்றடி இரு சாராருக்கும் பொருந்துமா என்று அம்பாறை மாவட்டத்து அன்பர்கள் தங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதினால், அந்த வினாவை இந்த மாதமே முடித்துவிடலாம்.