20 கிலோ, இரண்டு கயிறு, 30° – 45°: என் கணக்கு எங்கே தப்புகிறது?

கேள்வி | பாகைமானி

வணக்கம். 20 கிலோ பொருள் ஒன்று, கூரையில் கட்டிய இரண்டு கயிறுகளில் தொங்குகிறது. இடக் கயிறு கூரையோடு 30°, வலக் கயிறு 45°. இழுவிசைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். எடை 20 × 9.8 = 196 நியூட்டன். அந்த எடையைக் கயிறுகளின் திசையில் பிரித்தேன்: இடப்பக்கம் 196 × சைன் 30° = 98, வலப்பக்கம் 196 × சைன் 45° = 138.6. விடைப் பகுதியில் 143.5, 175.7 என்று போட்டிருக்கிறது. அவற்றைக் கூட்டினால் 319 வருகிறதே, 196 நியூட்டனைத் தாங்க 319 எதற்கு?

பதில் | நெம்புகோல்

விடைப் பகுதி சரி. உங்கள் எண்களை முதலில் சோதித்துப் பாருங்கள். 98-இன் செங்குத்துக் கூறு 49, 138.6-இன் செங்குத்துக் கூறு 98. இரண்டும் சேர்ந்து 147தான். மீதி 49 நியூட்டனைத் தாங்க ஆளில்லை. கிடைத்திசையிலும் இடப்பக்கம் 84.9, வலப்பக்கம் 98. பொருள் அசையாமல் நிற்க வழியே இல்லை.

காரணம் இதுதான். சைன், கோசைன் போட்டு ஒரு விசையைப் பிரிப்பது, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளுக்கு மட்டுமே செல்லும். உங்கள் கயிறுகளுக்கு இடையே 180 − 30 − 45 = 105° இருக்கிறது. 30°, 60° என்று கொடுத்திருந்தால் நடுவே சரியாக 90° வந்து, உங்கள் முறையிலேயே 98, 169.7 என்று சரியான விடை கிடைத்திருக்கும். இந்தத் தவறு பலரிடம் ஒட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான்: சில கணக்குகளில் விடை பொருந்திவிடுகிறது.

கயிறுகள் சேரும் முடிச்சை மட்டும் தனியாக வரையுங்கள். கீழே 196, இடப்புறம் மேல்நோக்கி இடக் கயிற்றின் இழுவிசை இ1, வலப்புறம் மேல்நோக்கி வலக் கயிற்றின் இழுவிசை இ2. கயிறு இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. அதனால் கயிறுகளின் அம்புக்குறிகள் முடிச்சிலிருந்து வெளியே போக வேண்டும்.

கிடைத்திசை: இ1 × 0.866 = இ2 × 0.707. ஆகவே இ2 = 1.225 × இ1.
செங்குத்து: இ1 × 0.5 + இ2 × 0.707 = 196.
முதலாவதை இரண்டாவதில் போட்டால் 1.366 × இ1 = 196. இ1 = 143.5, இ2 = 175.7 நியூட்டன்.

319 பற்றி: வெவ்வேறு திசையில் இருக்கும் விசைகளின் அளவுகளை அப்படியே கூட்டக் கூடாது. எடையைத் தாங்குவது செங்குத்துக் கூறுகள் மட்டும்: 71.7 + 124.3 = 196. கிடைத்திசையில் ஆளுக்கு 124.3, ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொள்வதிலேயே போய்விடுகிறது.

பதில் | கப்பி

விடையைச் சரிபார்க்க லாமியின் தேற்றம் விரைவானது. ஒவ்வொரு விசையையும், மற்ற இரண்டு விசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்றுக்கும் ஒரே எண் வர வேண்டும். 196 ÷ சைன் 105° = 202.9. இ1-க்கு எதிரே இருப்பது இ2-க்கும் எடைக்கும் இடைப்பட்ட 135°; எனவே இ1 = 202.9 × 0.707. இ2-க்கு 120°, 202.9 × 0.866. இங்கே பலர் 135-ஐயும் 120-ஐயும் இடம் மாற்றிவிடுகிறார்கள். செங்குத்துக்கு நெருக்கமான கயிறுதான் அதிகம் தாங்கும் என்று நினைவில் வைத்தால் உடனே பிடித்துவிடலாம். சைன் 30°-க்கு −0.988 என்று வந்தால் கால்குலேட்டர் பாகையில் இல்லாமல், கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் இருக்கிறது.

கோணம் குறையக் குறைய அந்தக் கிடைத்திசை இழுபறி பயங்கரமாக ஏறும். இதே 20 கிலோவை இருபுறமும் சம கோணத்தில் தொங்கவிட்டால், 45°-இல் கயிற்றுக்கு 138.6 நியூட்டன், 30°-இல் 196, 10°-இல் 564, 5°-இல் 1124. அதாவது 20 கிலோவுக்காக ஒவ்வொரு கயிறும் ஏறத்தாழ 115 கிலோ தொங்குவது போன்ற இழுப்பைத் தாங்க வேண்டும். கிரேனில் சுமை தூக்கும்போது கிடைமட்டத்துக்கு 30°-க்கும் கீழே சாய்த்துச் சிலிங் (சுமையைக் கொக்கியோடு பிணைக்கும் கயிறு) போடாதே என்பது இதனால்தான்.

பாகைமானி

புரிந்தது, நன்றி ஐயா. இரண்டு சுருள்வில் தராசுகளை வைத்து இதைச் செய்து பார்க்கலாமா? ஒரே கயிற்றில் வளையம் மாட்டி அதில் எடையைத் தொங்கவிட்டால் போதுமா?

பதில் | நெம்புகோல்

வளையம் வேண்டாம். வழுக்கி ஓடும் வளையத்துக்கு இருபுறமும் இருப்பது ஒரே கயிறு, ஒரே இழுவிசை. கிடைத்திசை சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், இரண்டு கோணமும் சமமானால்தான் நிற்கும். 30°–45° வரவே வராது. நடுவில் இறுக்கி முடிச்சுப் போட்டு, எடையை மூன்றாவது நூலில் கட்டுங்கள்.

1 கிலோ எடைக்கு இடத் தராசு 732 கிராம், வலத் தராசு 897 கிராம் காட்ட வேண்டும். தராசைச் சாய்த்துப் பிடித்தால் கொக்கியின் எடை முழுதாக இழுக்காது, முள் சுழியத்தில் நிற்காது. ஆகவே எந்தச் சாய்வில் அளக்கப் போகிறீர்களோ அதே சாய்வில் முதலில் சுழியம் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி கூட்டின் விளிம்பில் உரசினால் லேசாகத் தட்டிவிட்டுப் படியுங்கள்.

கோணத்தை எடையைத் தொங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும், வில் நீண்டதும் கோணம் மாறிவிடும். 30° வரவில்லையென்றால் கயிற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம், அளந்த கோணத்தையே சமன்பாட்டில் போடுங்கள். இடப்பக்கம் 32° ஆகிவிட்டால்கூட எதிர்பார்க்க வேண்டியது 726, 870 கிராம். 2° வித்தியாசத்துக்கு வலத் தராசில் 27 கிராம் குறைகிறது.