குலதெய்வப் பயணப் படிவமும் சித்தியின் பத்து அழுத்தலும்

மீனா சித்தி: கதிர், நீ அனுப்பிய படிவத்தில் 'பதிவு செய்' பொத்தானைப் பத்துத் தடவை அழுத்திவிட்டேன். அசையவே இல்லை. எங்களைக் கழற்றிவிடப் பார்க்கிறாயா?

கதிர்: ஐயோ சித்தி! சிவப்பு எழுத்தில் ஏதாவது வந்ததா?

மீனா சித்தி: ஒன்றும் இல்லை. கல் மாதிரி நிற்கிறது.

திவ்யா: சித்தி, 'இரவு தங்குவீர்களா' என்பதில் முதலில் ஆம் போட்டு, அப்புறம் இல்லை என்று மாற்றினீர்களா?

மீனா சித்தி: ஆமாம்டி. சித்தப்பாவுக்குக் கடையைப் பூட்ட முடியாதாம்.

கதிர்: சிக்கியது! ஆம் என்றால் 'எத்தனை அறை' கட்டம் வரும், அதற்கு ரெக்வயர்ட், அதாவது கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற குறி, போடுகிறேன். இல்லை என்றால் கட்டத்தை மறைக்கிறேன், ரெக்வயர்டை எடுக்க மறந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத கட்டம் காலி என்று குரோம் வழிமறிக்கிறது. பிழையைக் காட்டவும் அதற்கு இடமில்லை.

திவ்யா: மறைக்கும்போது டிசேபிளும் செய்துவிடு, அதாவது கட்டத்தை முடக்கிவிடு. அந்தக் கட்டத்தை பிரவுசர் சோதிக்காது, அதில் இருப்பதை அனுப்பவும் செய்யாது. வெறும் ரெக்வயர்டை மட்டும் எடுத்தால் 'தங்கவில்லை, அறை 2' என்று உன் பட்டியலில் வந்து நிற்கும்.

பெரியப்பா: என் கதை வேறு. வரும் நாள் 14, திரும்பும் நாள் 12 என்று போட்டுவிட்டேன். திட்டியது, நியாயம். வரும் நாளை 11 ஆக்கினேன். இன்னமும் திட்டுகிறது.

கதிர்: திரும்பும் நாளைத் தொட்டால் மட்டும்தான் சோதனை ஓடுகிறது பெரியப்பா. நாமே பிழைச் செய்தி வைக்கும் செட்கஸ்டம்வாலிடிட்டி என்ற கட்டளையில் ஒரு முறை பிழை எழுதினால், காலிச் செய்தி கொடுத்து நாமே அழிக்கும் வரை போகாது.

திவ்யா: இரண்டு கட்டத்துக்கும் சோதிக்கும் ஒரே ஃபங்ஷனை மாட்டுடா. எதைத் தொட்டாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஒன்று காலியாக இருந்தால் ஒப்பிடாதே, பாதி நிரப்பியவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. படிவத்தை வாங்கிக்கொள்ளும் சர்வரிலும் இதே விதியை எழுது. பிரவுசர் சோதனையைத் தாண்டி எதை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

பெரியப்பா: நம் வீட்டில் அப்படி யார் தாண்டப் போகிறார்கள்?

திவ்யா: இவன் தம்பி ஒருவன் போதாதா?

கதிர்: மாற்றிவிட்டேன். பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.

பெரியப்பா: திட்டு நின்றது 👍

மீனா சித்தி: எனக்கும் போய்விட்டது! ஆனால் அவசரத்தில் மொத்தம் 3 பேர், அதில் குழந்தைகள் 5 என்று போட்டுவிட்டேன். நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டதே?

கதிர்: ஐந்து நிமிடம் கொடுங்கள் சித்தி.