நர்சிங் மாணவர்களுக்கு வார்டில் யார் சொல்லித் தருகிறார்கள்?

நான்காம் ஆண்டு மாணவி:
எங்கள் கல்லூரியில் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி என்றால் டியூட்டர் மேடம் காலையில் அட்டெண்டன்ஸ் எடுப்பார், மதியம் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவார். நோயாளி பக்கத்தில் நின்று ஒரு புரொசீஜரைச் செய்துகாட்டி நான் பார்த்ததில்லை. மூக்கு வழியே வயிற்றுக்குள் இறக்கும் ரைல்ஸ் டியூப் போட பொம்மையில் படித்தோம். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை அளந்து, குறித்துக்கொண்டு உள்ளே செலுத்த வேண்டும். பொம்மை இருமாது, கையைத் தட்டிவிடாது. டியூப் இறங்கும்போது எச்சில் விழுங்கச் சொல்ல வேண்டும், இருமலெடுத்து மூச்சு திணறினால் உடனே வெளியே இழுக்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவர் வார்டில் இருந்த ஸ்டாஃப் அக்காதான். நாங்கள் ஃபீஸ் கட்டுவது யாருக்கு?

டியூட்டர், திருச்சி:
உன் கோபம் நியாயமானதும்மா. ஆனால் பாதிக் கதைதான் சொல்கிறாய். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. அந்த ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வார்டில் நிற்க முடியாது. வகுப்பு, இன்டர்னல் தேர்வு, இன்ஸ்பெக்ஷன் ஃபைல் எல்லாம் எங்கள் தலையில்தான். அப்புறம் இதையும் கேள். டிரெஸ்ஸிங் செய்துகாட்டுகிறேன், வாருங்கள் என்றால் இரண்டு பேர் வருகிறார்கள். மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து சீனியர் எழுதிய கேர் பிளானை, அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவருக்கு, போன வருடக் கால்முறிவு நோயாளியின் கேர் பிளானை எழுதி நீட்டிய பிள்ளைகளும் உண்டு. கேர் பிளான் யோசிக்கக் கற்றுத்தரும் பயிற்சி. அதைக் காப்பியடிப்பதற்கும் ஆசிரியரா பொறுப்பு?

நான்காம் ஆண்டு மாணவி:
ஆமாம் மேடம், ஒரு வகையில் பொறுப்புதான். எழுதியதைப் படித்து இரண்டு கேள்வி கேட்டிருந்தால் யாரும் காப்பியடிக்கத் துணிய மாட்டார்கள். பக்கம் எண்ணிக் கையெழுத்துப் போட்டால் பக்கம் நிரப்பத்தான் செய்வோம்.

நைட் டூட்டி சிஸ்டர், அரசு மருத்துவமனை:
என் பக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் வார்டுக்குப் பல கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் நோயாளி என்ன செய்வார்? “ஸ்டூடண்ட் வேண்டாம், நீங்களே ஊசி போடுங்க சிஸ்டர்” என்கிறார். ஆள் பற்றாக்குறையில் பிள்ளைகளை பி.பி. பார்க்கவும் சாம்பிள் கொண்டுபோகவும் நாங்களும் பயன்படுத்திக்கொள்கிறோம், மறைக்கவில்லை. ஆனால் கற்பிப்பது எங்கள் டூட்டி என்று யாரும் எழுதித் தரவில்லை. அளக்காமலே வரிசையாக எல்லாருக்கும் பி.பி. 120/80 என்று எழுதிய சார்ட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதைத் திருத்த வேண்டிய டியூட்டர் எங்கே?

ஸ்கில் லேப் பொறுப்பாளர்:
பொம்மையை இவ்வளவு மட்டமாகப் பேச வேண்டாம். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக் குப்பியிலிருந்து, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். இந்தத் தவறை லேபில் செய்து திருத்திக்கொள்ளலாம், நோயாளி உடம்பில் செய்யக்கூடாது. 2021 பாடத்திட்டத்தில் செமஸ்டர் முறையோடு சிமுலேஷனையும், செய்முறைகளைச் செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வையும் சேர்த்ததும் இதற்காகத்தான்.

நான்காம் ஆண்டு மாணவி:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். லேப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லேபிலிருந்து கட்டிலுக்குப் போகும்போது கூட வர ஆள் இல்லை என்பதுதான் என் புகார். வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்துபவர்களே வார்டுப் பணியிலும் பங்கெடுக்கிறார்கள். 1946-இலேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம் அது. அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியவில்லை?

டியூட்டர், திருச்சி:
அது பெரிய மருத்துவமனைம்மா, கல்லூரியும் வார்டும் ஒரே நிர்வாகம். சொந்த மருத்துவமனை சிறியதாக இருந்தால், நல்ல கேஸ் பார்க்க அரசு மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். அங்கே நானே விருந்தாளி. ஒரு நோயாளியைத் தொடவும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் அனுமதி கேட்டு நிற்கிறேன்.

நைட் டூட்டி சிஸ்டர், அரசு மருத்துவமனை:
கேட்டால் யாரும் மறுப்பதில்லை மேடம். கேட்க வருபவர்கள்தான் குறைவு.

நான்காம் ஆண்டு மாணவி:
அப்படியென்றால் ஒன்றையாவது மாற்றுங்கள். செய்த புரொசீஜர்களைக் குறிக்கும் லாக் புக்கில் கையெழுத்துப் போடுபவர், நாங்கள் செய்ததைக் கண்ணால் பார்த்தவராக இருக்கட்டும். டியூட்டர் பார்த்தால் டியூட்டர், சிஸ்டர் பார்த்தால் சிஸ்டர்.

டியூட்டர், திருச்சி:
எனக்குச் சம்மதம். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடச் சொல்லும் நிர்வாகத்திடம் அதைக் காட்டியே நான் மறுக்கலாம்.

நைட் டூட்டி சிஸ்டர், அரசு மருத்துவமனை:
எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளை எங்காவது தப்பாக மருந்து கொடுத்தால் என் கையெழுத்துதான் முன்னால் நிற்கும். கற்பிக்கும் நேரத்தை எங்கள் ஷிஃப்டில் ஒதுக்கி எழுத்தில் கொடுக்கட்டும், அப்போது போடுகிறேன்.