அடிக்கடி வரும் சளியும் காய்ச்சலும்: அன்றாடப் பழக்கங்களில் எவை உண்மையில் பயன் தருகின்றன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர், அறுபது வயதைக் கடந்த என் தாயார், வேலைக்குச் செல்லும் நாங்கள் இருவர் என எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஒருவருக்குச் சளி பிடித்தால் போதும், அடுத்த சில நாள்களுக்குள் அது வீட்டையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டும் என்று சொல்லி மாத்திரைகளையும் பொடிகளையும் பற்றி நாள்தோறும் கைப்பேசிக்கு வரும் செய்திகளைப் படிக்கப் படிக்கக் குழப்பந்தான் மிஞ்சுகிறது. எல்லா வயதினரும் பெரிய செலவின்றிக் கடைப்பிடிக்கக்கூடிய எளிய பழக்கங்கள் எவை, அவற்றுள் எதை முதலில் தொடங்க வேண்டும், தொடங்கியதைக் கைவிடாமல் தொடர்வது எப்படி என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன். தாயாரைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி, மருத்துவப் பரிசோதனைக்கே வர மறுக்கிறார்.

மறுமொழி 1

வணக்கம். நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். ஒன்றை மட்டும் தொடங்குங்கள் என்றால் கை கழுவுவதைத்தான் சொல்வேன். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு செய்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வருகிறவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று கட்டாயமாக்கினார். அதற்கு முன் தாய்மார்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்த மாதங்கள் பல இருந்த அந்தப் பிரிவில், சில மாதங்களுக்குள் இறப்பு 2 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. நுண்ணுயிரிகளால் நோய் வருகிறது என்பதே நிலைநாட்டப்படாத காலம் அது.

பெரும்பாலோர் கை கழுவுவதாகச் சொல்வது, நீரில் உள்ளங்கைகளை இரண்டு முறை தேய்த்துவிட்டு உதறுவதைத்தான். கட்டைவிரலும் விரல் நுனிகளும் நகக்கண்களும் அப்போது விடுபட்டுப் போகின்றன. கண்ணையும் மூக்கையும் தொடுவதோ அந்த நுனிகள்தாம். சோப்பு நுரைத்த பின், ஒரு கையின் கட்டைவிரலை மறு கையால் பற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். விரல் நுனிகளைக் குவித்து மறு உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க வேண்டும். விரல் இடுக்குகளையும் புறங்கையையும் விட்டுவிடக் கூடாது. இவ்வாறு தேய்ப்பதற்கு மட்டும் 20 நொடிகளாவது ஆக வேண்டும். ஃப்ளூ போன்ற வைரஸ்களின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சோப்பு அதைச் சிதைத்துவிடுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. ஆகவே சானிடைசர் அதனிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. தேய்த்து, ஓடும் நீரில் அலசி அகற்றுவதே வழி. ஈரக் கையில் கிருமிகள் எளிதாக ஒட்டிப் பரவும் என்பதால் கழுவிய பின் நன்றாகத் துடைத்துக்கொள்வதும் முக்கியம்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தவுடன், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன், கழிப்பறை சென்ற பின், மூக்கைச் சிந்திய பின் என்று இந்த வேளைகளைப் பிள்ளைகளுக்குப் பழக்கினாலே போதும். சளி பிடித்தவருக்குத் தனித் துண்டு கொடுங்கள். முழங்கை மடிப்பில் இருமச் சொல்லுங்கள். சளிக் கிருமிகள் காற்றிலும் பரவுகின்றன. ஆதலால், அவர் இருக்கும் அறையின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். தாயாரின் அருகில் செல்லும்போது சளி பிடித்தவர் முகக்கவசம் அணிந்துகொள்ளட்டும்.

மறுமொழி 2

மேலே சகோதரி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும், வேலைக்குச் செல்லும் உங்கள் இருவரைப் பொறுத்தவரை உறக்கத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் கருவி கொண்டு அளந்தபின், சளியை உண்டாக்கும் ரைனோவைரஸை அவர்களின் மூக்கில் சொட்டுகளாக விட்டுக் கண்காணித்தார்கள். இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் உறங்கியவர்களைக் காட்டிலும் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் தேவை. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்ற வைப்பதைப் போல இதற்கு உதவும் ஏற்பாடு வேறொன்றை நான் கண்டதில்லை.

மாத்திரை, பொடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல் உள்ளன. நாள்தோறும் வைட்டமின் சி மாத்திரை உட்கொள்வது பொதுவாக மக்களுக்குச் சளி வராமல் தடுப்பதில்லை என்றும், வந்த சளி சற்று முன்னதாகத் தணிய மட்டுமே உதவுகிறது என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறியிருக்கிறார்கள். குறைபாடு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்து சொன்னாலொழிய அவற்றுக்குச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

நடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது என்று ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1953-இல் எழுதினார்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை; சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடப்பதும் கணக்கில் சேரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கை கழுவும் முறையைப் பிள்ளைகளுக்கு இன்றே செய்து காட்டினேன். கட்டைவிரலைச் சுழற்றித் தேய்ப்பது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இவற்றை விடாமல் தொடர்வது எப்படி என்பதையும், தாயாரின் விஷயத்தில் என்ன செய்யலாம் என்பதையும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 3

ஓய்வுபெற்ற பொது மருத்துவன் நான். முதலில் உங்கள் தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உலகில் அந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. எனவே, "எனக்கு ஒன்றும் இல்லை" என்ற உணர்வை நம்பி அளவிடாமல் இருந்துவிட முடியாது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கடினமாக இருந்தால், மேற்கையில் பட்டி கட்டி அளக்கும் கருவி ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பியோ தேநீரோ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படியுமாறு ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்லுங்கள். கை, நெஞ்சின் உயரத்தில் மேசை மீது இருக்கட்டும். அளக்கும்போது பேச்சு வேண்டாம். சட்டைத்துணியின் மேல் பட்டியைக் கட்டினாலோ, கால் மேல் கால் போட்டிருந்தாலோ அளவு கூடித் தெரியக்கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, காலையிலும் மாலையிலுமாக ஒரு வாரம் குறித்து வாருங்கள். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, அந்தத் தாளையே காட்டி அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். எண்ணைக் கண்ணால் பார்த்த பின் மறுப்பவர்கள் குறைவு.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது வீட்டில் அனைவருக்கும் பொருந்தும். பாக்கெட்டில் அடைத்து விற்கும் தின்பண்டங்களில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். தாயாரின் வயதைச் சொல்லி, ஆண்டுக்கொருமுறை போடும் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும் நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் யாரேனும் புகைப்பவராக இருந்தால், இங்கே பேசிய எல்லாவற்றுக்கும் முன்னதாக அதை நிறுத்தச் செய்யுங்கள்; பிள்ளைகளுக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி வருவதற்கு அந்தப் புகையும் ஒரு காரணம்.

பழக்கத்தைத் தொடர்வது பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் செய்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு செயல் தன்னிச்சையாக நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. புதிய பழக்கத்தை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கோத்துவிடுங்கள்: செருப்பைக் கழற்றியதும் கை கழுவுதல், இரவு உணவுக்குப் பின் நடை, பல் துலக்கியதும் கைப்பேசியை வெளியே வைத்தல். ஒன்று படிந்த பிறகு அடுத்ததைத் தொடங்கினால் போதும்.

ஃப்ளூவும் சாதாரணச் சளியும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை பயன்படாது. முன்பு வாங்கியதில் மீந்தவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, நீர்கூடக் குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.