கேபினை இடித்துவிட்டார்கள், ஆப்பரேட்டர் அண்ணன் இருக்கிறார்

நம்மூர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை என் மைத்துனர் ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பினார். கண்மாய்க் கரைக்குக் கீழே நம் சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் கடைசியாக மிஞ்சி நின்ற, படம் ஓட்டுகிற செங்கல் கேபினையும் இடித்து மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். அந்தச் சுவரில் இரண்டு சதுர ஓட்டைகள் இருக்குமே, ஒன்று வெளிச்சம் வெளியே வர, இன்னொன்று ஆப்பரேட்டர் திரையைப் பார்க்க. அந்த ஓட்டைகளோடு ஒரு சுவர்த்துண்டு மட்டும் செங்கல் குவியலுக்கு மேல் கிடக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குழுவில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சங்கப் பணத்தில் ஒரு நினைவு வளைவு கட்டலாம் என்று துபாயில் இருக்கும் தம்பிகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆசை எனக்குப் புரிகிறது, பணம் தருவதற்கும் நான் தயங்குகிறவன் இல்லை. ஆனால் வளைவு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

பெரிய ஊர்த் தியேட்டர்கள் போனாலும் ஏதாவது ஒரு தடயம் இருக்கிறது. சென்னையில் 1913-ல் வார்விக் மேஜர் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் இருப்பதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரில் 1914-ல் வந்த வெரைட்டி ஹால் பிறகு டிலைட் என்று பெயர் மாறியது, ஆனால் தெருவுக்கு இன்னும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு பராசக்தி படத்தோடு திறந்தது, 2,500 பேருக்கு மேல் உட்காரலாம், அதை இடித்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நம்முடையது டூரிங் டாக்கீஸ். குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம், முடிந்தால் மறுபடி எழுதிப்போட்டு வாங்க வேண்டும். பிரித்து எடுத்துப் போகிற மாதிரி மூங்கிலும் கீற்றுமாகத்தான் போட்டிருந்தார்கள், அதனால் கேபின் தவிர மிஞ்ச வேறு எதுவும் இல்லை. தெருப் பெயரும் இல்லை, பத்திரிகைச் செய்தியும் இல்லை. நாம் சொன்னால்தான் உண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்டே முதலில் கூடாரக்காரர்தான். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், 1905-ல் துபான் என்கிற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினார். வடக்கே பெஷாவர் வரை போயிருக்கிறார், பர்மா, மலாயா, இலங்கைக்கும் போயிருக்கிறார். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு நெருக்கம் வருகிறது, நாம் பிழைக்க வந்த மண்ணுக்கு நமக்கு முன்பே ஒரு தமிழர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துபோயிருக்கிறார்.

சரி, நம் கொட்டகைக்கு வருகிறேன். மைத்துனர் படம் அனுப்பிய மறுநாள் நான் ஆப்பரேட்டர் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆமாம், இருக்கிறார். மகள் வீட்டில் இருக்கிறார், வயது 74. ஒன்றேகால் மணி நேரம் பேசினார், நான் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன், பாதிதான் எழுத முடிந்தது.

நம்மிடம் இருந்தது ஒரே மெஷின். பெரிய தியேட்டரில் இரண்டு மெஷின் வைத்து ஒன்று முடியும்போது அடுத்ததற்கு மாற்றுவார்கள், பார்க்கிறவருக்குத் தெரியாது. நமக்கு ஸ்பூல், அதாவது பிலிம் சுற்றிய சக்கரம், முடிந்தால் படம் நிற்கும், விளக்கு எரியும், அவர் அடுத்ததை மாட்டி முடிப்பதற்குள் முறுக்குத் தட்டும் சோடா பாட்டிலும் உள்ளே வந்துவிடும். அதனால்தான் நமக்கு ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. சின்ன வயதில் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பகல் காட்சி ஏன் இல்லை என்றும் கேட்டேன். பக்கம் திறந்த கொட்டகையில் பகலில் திரையில் என்ன தெரியும், பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம், அப்புறம் பத்து மணிக்கு இரண்டாம் ஆட்டம், அவ்வளவுதான் என்றார்.

வெளிச்சத்தைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது இனி யாருக்கும் கைவராத வேலை. செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள், நுனிக்கு நுனி நெருக்கினால் நடுவில் வெளிச்சம் பிடிக்கும், கண்ணால் நேராகப் பார்க்க முடியாது, கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். எரிய எரிய குச்சி தேயும், இடைவெளி கூடும், திரையில் ஆள் முகம் பழுத்த இலை மாதிரி மஞ்சளாகும். கீழேயிருந்து நாம் "கார்பனைத் தள்ளு" என்று கத்துவோமே, அது அதற்குத்தான். அவர் கையால் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1,000 அடி பிலிம் ஓட 11 நிமிடம், மூன்று மணி நேரப் படத்துக்கு 16,000 அடிக்கு மேல், அத்தனையும் அந்தச் சூட்டுக்கு முன்னால் ஓட வேண்டும். எங்காவது சிக்கி ஒரு நொடி நின்றாலும் நடுவில் பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பித் திரை முழுக்கப் பரவும். உடனே மூடியைப் போட்டு, வெந்த பகுதியை வெட்டி, இரண்டு முனையையும் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டி மறுபடி ஓட்ட வேண்டும். அந்த வெட்டிய துண்டுகளுக்குத்தான் நாம் மறுநாள் காலையில் கேபினுக்குப் பின்னால் போய் நிற்போம். அதை வைத்து வீட்டில் நாமே படம் காட்டுவோம்: தண்ணீர் ஊற்றிய பல்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, அப்பாவின் வேட்டி, இருட்டான பத்தாயக் கொட்டடி. அந்தத் துண்டுகளை யாராவது இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான விஷயம். கடைசி ரீல் வராத அந்த ராத்திரியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் ஆட்டத்தில் படம் நின்றுபோய் ஜனங்கள் விடிய விடியக் காத்திருந்த கதை. முதலாளி படப் பெட்டிக்குப் பணம் கட்டவில்லை, அதனால் படக் கம்பெனிக்காரர்கள் ரீலைப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் என் அப்பா சொன்னார், நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னேன். அண்ணனிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "பணமெல்லாம் கட்டியாச்சு தம்பி. ரீல் கொண்டு வந்த பையன் நான்தான்."

அப்போது ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு நம் கொட்டகையிலும் அடுத்த ஊர்க் கொட்டகையிலும் ஓட்டியிருக்கிறார்கள். அங்கே முன்னால் தொடங்குவது, இங்கே பின்னால் தொடங்குவது, அங்கே ஓடி முடிந்த ஸ்பூலை சைக்கிள் கேரியரில் கட்டி இங்கே கொண்டுவருவது. அண்ணனுக்கு அப்போது 16 வயது, ஆப்பரேட்டர் ஆவதற்கு முன்னால் இந்த சைக்கிள் வேலைதான். ஐப்பசி மழை. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது தெரியாமல் இறங்கி, சைக்கிளோடு சாய்ந்திருக்கிறார். பெட்டி நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வடிகிற வரை எதிர்க்கரையில் நின்றிருக்கிறார். இவர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. ஒரு ஆள் எழுந்து போகவில்லையாம், அந்த ரீலையும் ஓட்டித்தான் அனுப்பினார்களாம். ஆக, ரீல் வரவே இல்லை என்பதும் தப்பு, பணம் கட்டவில்லை என்பதும் தப்பு. இத்தனை வருடமாக அந்த முதலாளி குடும்பத்தைப் பற்றி நாம் சொல்லிவந்தது பொய். அவர்கள் பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், என் அப்பா சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எந்த வளைவில் எழுதி வைப்பது? அண்ணனுக்கு இருக்கிற வயதில் நாம் ஒரு வருடம் வளைவுக்கு வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை அவரோடு போய்விடும். அவர் குரலைப் பதிவு செய்வதுதான் முதல் வேலை.

அவர் மட்டும் போதாது. கேபின் ஓட்டையிலிருந்து தெரிந்தது அவருக்குத் தெரியும், பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு அந்தப் புறம் நடந்தது அவருக்குத் தெரியாது. என் அம்மா இரண்டாம் ஆட்டத்துக்கு எப்போதும் போனதில்லை, ஆனால் சோறு வடித்துக்கொண்டே கொட்டகைக் குழாய் ஒலிபெருக்கியில் வரும் வசனத்தை முழுக்கக் கேட்டு, பார்க்காத படத்தின் கதையைச் சொல்லுவார். இப்படி எத்தனை வீட்டில் இருந்திருக்கும். அக்காமார்களும் அத்தைமார்களும் இந்தக் குழுவில் எழுதுவதே குறைவு, போனில் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கேட்க வேண்டும். கொட்டகையில் காசுதான் கணக்கு, தரை, பெஞ்சு, சேர், காசு கொடுத்தவர் உட்காரலாம், சாதி பார்க்கவில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வடக்குத் தெருப் பையனான எனக்கு அப்படித்தான் நினைவு. கீழத்தெருவில் வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான் நினைவா? காசு இருந்தும் பெஞ்சில் உட்காரத் தயங்கிய நாள் உண்டா, உட்கார்ந்து எழுப்பிவிடப்பட்ட நாள் உண்டா? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான், சொன்னால் ஒரு எழுத்து மாற்றாமல் சேர்ப்போம்.

1979-ல் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை தீப்பிடித்து நிறையப் பேர் இறந்த செய்தி வந்தபோது நம் ஊரில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டது அதற்கு அப்புறம்தான் என்று அண்ணன் சொல்கிறார், தகரம் போட்டபின் மழை பெய்தால் வசனமே கேட்காது. மற்றபடி மூடியது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், வாடகை வீடியோ டெக் வந்தது, பிறகு கேபிள் வந்தது.

தாள்களைப் பற்றி. கோட்டையூர் ரோஜா முத்தையா நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் காலமெல்லாம் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும்தான் 1994-ல் சென்னையில் நூலகமாக ஆனது. மற்றவர்கள் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டதை அவர் பத்திரப்படுத்தினார். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், பரணில், வண்ணத்தாள் நோட்டீசோ, பாட்டுப் புத்தகமோ, கேளிக்கை வரி முத்திரை போட்ட அரை டிக்கெட்டோ இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள், பசை டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், போதும். தரை டிக்கெட் 40 காசா 35 காசா என்று நானும் என் தம்பியும் இருபது வருடமாகச் சண்டை போடுகிறோம், ஒரு டிக்கெட் கிடைத்தால் தீர்ந்துவிடும்.

எழுதுகிறவர்கள் "அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுத வேண்டாம். எந்த வருடம், யாரோடு போனீர்கள், எந்த வழியாக நடந்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், மணலைக் குவித்து உட்கார்ந்ததற்குப் பின்னால் இருந்தவர் என்ன சொன்னார், இப்படி எழுதுங்கள். நினைவில்லாததை நிரப்ப வேண்டாம். இருவர் சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் வைப்போம்.

நான் அடுத்த மாதம் 12-ம் தேதி ஊருக்குப் போகிறேன், நான்கு நாள் இருப்பேன். அண்ணனிடம் கேட்க வேண்டியதை அதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவருக்கு இடது காது கேட்பதில்லை, வலது பக்கம் உட்காருங்கள். காலை பத்து மணிக்குள் போனால் நன்றாகப் பேசுகிறார், சாப்பாட்டுக்கு அப்புறம் அசந்துவிடுவார். அந்தச் சுவர்த்துண்டைப் பற்றி அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, மகள் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார், நீங்களும் சொல்லாதீர்கள்.