காட்பாடியில் வாடகைக்கு விட வீடு வாங்குதல்: கடன், கட்டணம், நில அளவை

கேள்வி: குடியாத்தத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். காட்பாடி காந்தி நகரை ஒட்டிய தெரு ஒன்றில், வாடகைக்கு விடும் நோக்கத்தில் பழைய தனி வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விலை 62 லட்சம் என்று பேசியிருக்கிறோம். அரசு வங்கியில் சட்டக் கருத்து, மதிப்பீடு என்று நாள் இழுக்கிறது. வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்று ஒரே வாரத்தில் தருவதாகச் சொல்கிறது, வட்டி சற்றுக் கூடுதல். கிரயப் பத்திரத்தில் 2,400 சதுரடி என்றும் பட்டாவில் 204 சதுர மீட்டர் என்றும் இருக்கிறது. பத்திரத்தில் 45 லட்சம் மட்டும் காட்டலாம் என்று விற்பவர் யோசனை சொல்கிறார். முன்பணம் கொடுக்கும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

ஐயா, முதலில் அந்த 45 லட்சம் யோசனையை விட்டுவிடுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. 62 லட்சத்துக்கு 49.6 லட்சம் வரை கிடைக்கக்கூடிய கடன், 45 லட்சம் காட்டினால் 36 லட்சமாகச் சுருங்கும். மீதியைக் கணக்கில் வராத ரொக்கமாக நீங்கள் புரட்ட வேண்டும். பின்னாளில் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 45 லட்சம் என்றே கொள்ளப்பட்டு, ஆதாய வரியும் உங்கள் தலையில் கூடுதலாக விழும். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 விழுக்காடு வரி பிடித்துச் செலுத்தும் பொறுப்பும் உங்களுடையதே.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு, அதாவது 5.58 லட்சம். இதைச் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் கணக்கிட மாட்டார்கள். எனவே கையிலிருந்து போட வேண்டியது 12.4 லட்சம் அல்ல, ஏறத்தாழ 18 லட்சம். இதற்கு மேல் பரிசீலனைக் கட்டணமும் அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் கட்டணங்களும், கடனுக்கு ஈடாக உரிமைப் பத்திரத்தை ஒப்படைப்பதை, அதாவது எம்.ஓ.டி.யைப் பதியும் செலவும் வரும். 2024 அக்டோபர் முதல் எல்லாக் கட்டணங்களையும் அடக்கிய ஆண்டு வட்டியோடு முக்கிய விவரத் தாள் தருவது கட்டாயம். வாய்ப்பேச்சில் சொல்லும் வட்டியை விட்டு, வங்கி, நிறுவனம் இரண்டின் தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன; வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரெப்போ குறையும்போது அவர்கள் வட்டி தானாக இறங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு வாரத்து அவசரத்துக்காக இருபது ஆண்டு வட்டியைக் கூட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: பத்திர எழுத்தர் மகன்

கடன் பற்றி ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த 204 சதுர மீட்டர். அது சதுரடியில் 2,196 தான் ஆகிறது. பத்திரத்தோடு ஒப்பிட்டால் 204 சதுரடி, ஏறக்குறைய அரை சென்ட், எங்கோ போயிருக்கிறது. தெருவுக்கு விட்ட இடமா, பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருக்கிறதா, பட்டாவில் பதிவுப் பிழையா என்பது தரையில் அளந்தால்தான் தெரியும். வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தைப் பார்த்து விலை சொல்வாரே தவிர, எல்லைக் கல்லைத் தேட மாட்டார். அவர் வேலை வங்கிப் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

இன்னொன்று: காட்பாடிப் பகுதி 2011-இல் வேலூர் மாநகராட்சியோடு இணைந்தது. பழைய தாய்ப்பத்திரத்தில் வடஆற்காடு மாவட்டம் என்று போட்டு கிராமச் சர்வே எண் இருக்கும். இன்றைய பதிவேட்டில் நகர சர்வே எண்ணும் பிளாக் எண்ணும் இருக்கலாம். இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு ஒப்பீட்டுச் சான்று கேளுங்கள். அதற்குப் பிறகு புலப்பட நகலை, அதாவது மனையின் எல்லை அளவுகள் உள்ள அரசு வரைபடத்தை எடுத்து, உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து நான்கு பக்கமும் அளக்கச் சொல்லி, அந்த அளவுகளைப் பத்திரத்தின் செக்குபந்தியோடு, அதாவது நான்கெல்லை விவரத்தோடு வைத்துப் பாருங்கள். பக்கத்து மனைக்காரர் நேரில் இருக்கும்போது அளப்பது நல்லது. பின்னால் தகராறு வரும் என்று தோன்றினால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக அரசு நில அளவையரைக் கொண்டே எல்லை காட்டச் சொல்லி விற்பவரை மனுப் போட வையுங்கள்.

பட்டா மட்டும் உரிமையை நிலைநாட்டாது, ஆகவே வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் போட்டு, ஒவ்வொரு பதிவையும் மூலப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். பத்திரம் அடமானத்தில் இருந்து மீட்கப்பட்டிருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பெரும்பாலானோர் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பதில்: குடியாத்தத்துக்காரர்

இருவருக்கும் நன்றி. விற்பவரிடம் இன்று பேசினேன். முழு விலையைக் காட்டச் சம்மதித்துவிட்டார், அளப்பதற்கு மட்டும் தயங்குகிறார்.

பதில்: பத்திர எழுத்தர் மகன்

அப்படியானால் அக்ரிமெண்டில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: அளவையில் கிடைக்கும் பரப்புக்கே சதுரடிக் கணக்கில் விலை என்றும், கடன் மறுக்கப்பட்டாலோ எல்லையில் சிக்கல் வந்தாலோ முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்றும். அதற்கும் அவர் ஒப்பவில்லை என்றால், சத்துவாச்சாரிப் பக்கம் வேறு வீடு பார்க்கலாம், அண்ணா.