பெரியப்பாவின் மாத்திரையும் பூனைக்காலிப் பொடியும்

குழு: மேலவீதி வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிறு, காலை 7.10

முரளி மாமா: (பகிரப்பட்ட செய்தி) பார்க்கின்சன் (நடுக்குவாத) நோய்க்கு நிரந்தரத் தீர்வு! பூனைக்காலிப் பொடி தினமும் இரண்டு ஸ்பூன் பாலில் கலந்து குடிக்கவும். மூன்று மாதத்தில் இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடலாம். இயற்கையானது, பக்கவிளைவே இல்லை. அனைவருக்கும் பகிரவும்.

முரளி மாமா: மச்சானுக்கு இரண்டு டப்பா ஆர்டர் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரும்.

சுமதி அத்தை: பூனைக்காலியா? சின்ன வயதில் அந்தக் காய் கையில் பட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன். அதையா அண்ணனுக்குக் கொடுப்பது?

முரளி மாமா: அரிப்பது காயின் மேலிருக்கும் சுணை. மருந்து விதையில் இருக்கிறது. விவரம் தெரியாமல் பேசாதே.

பெரியம்மா: வித்யா, நீ மருந்துக்கடையில் இருப்பவள். நீ சொல்லு.

வித்யா: மாமா சொல்வது நிஜம்தான் பெரியம்மா, விதையில் மருந்து இருக்கிறது. என் பயமே அதுதான். அதில் இருப்பது லெவோடோபா, பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மருந்து. பெரியப்பா சாப்பிடும் சிண்டோபா மாத்திரையிலும் இருப்பது அதே லெவோடோபா. மாத்திரையையும் கொடுத்து, பொடியையும் கொடுத்தால் டாக்டருக்குத் தெரியாமல் டோஸை ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

கார்த்தி: ஏற்றினால் என்ன ஆகும்?

வித்யா: குமட்டல் வரும். எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கை, கழுத்து தானாக நெளிய ஆரம்பிக்கும். சிலருக்கு இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியும். மாத்திரையில் கார்பிடோபா என்று இன்னொன்று சேர்த்திருக்கிறார்கள். லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போய்ச் சேரவும், குமட்டல் குறையவும் அதுதான் உதவுகிறது. பொடியில் அது கிடையாது. ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் அளவும் ஒன்றாக இருக்காது.

முரளி மாமா: அப்போ நம் முன்னோர் சொன்னதெல்லாம் பொய்யா?

வித்யா: பொய்யென்று நான் சொல்லவே இல்லையே மாமா. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை 1937-ல் பிரித்தெடுத்துக் காட்டியவர்களே சென்னையில் இருந்த தாமோதரனும் ராமசாமியும்தான். அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது 1961-ல். 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் பொடி கொடுத்தபோது மாத்திரையைவிடச் சீக்கிரமே வேலை செய்தது. அவ்வளவு வீரியமான பொருளை ஸ்பூன் கணக்கில் கொடுக்கலாமா?

வித்யா: இன்னொன்று. அந்தச் செய்தியில் ‘நிறுத்திவிடலாம்’ என்று இருக்கிறதே, அதை யாரும் செய்துவிடாதீர்கள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிடும்.

பெரியம்மா: அதை விடு. மதியம் சாப்பிட்டு எழுந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். பாத்ரூம் வாசல் தாண்ட ஐந்து நிமிஷம். காலையில் அப்படி இல்லை.

வித்யா: மதிய மாத்திரை எத்தனை மணிக்கு? என்ன சாப்பாடு?

பெரியம்மா: ஒரு மணிக்கு, சாப்பாட்டோடுதான். பருப்பு, சாம்பார், ஒரு முட்டை, கெட்டித் தயிர். தெம்பு வேண்டுமே என்று நான்தான் எல்லாம் வைக்கிறேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிடுவார்.

வித்யா: பதில் அதிலேயே இருக்கிறது பெரியம்மா. பருப்பு, முட்டை, தயிரில் உள்ள புரதம் செரித்து அமினோ அமிலமாகிறது. குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக அதற்கும் லெவோடோபாவுக்கும் ஒரே வாசல். கூட்டமாகப் புரதம் வந்தால் மருந்து வெளியே நிற்கும். அதனால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் தண்ணீரில் போட வேண்டும். பால் வேண்டாம். குமட்டினால் கொஞ்சம் பொரி தின்னலாம். மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள், சாப்பாட்டைத் தள்ளி வையுங்கள்.

கார்த்தி: அப்படியென்றால் பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

வித்யா: ஐயோ, வேண்டாம் அண்ணா. ஏற்கெனவே பெரியப்பா இளைத்திருக்கிறார். புரதத்தை நிறுத்தினால் தசை கரையும், விழுந்தால் எலும்பு முறியும். முதலில் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால், டாக்டரைக் கேட்டுவிட்டுப் பகலில் ரசம், காய், கீரை. முட்டை, பயறு எல்லாம் ராத்திரிக்கு. எல்லோருக்கும் அது தேவைப்படாது.

பெரியம்மா: ராத்திரி அடை சாப்பிட்டால் அவருக்கு நெஞ்சு கரிக்கும்.

வித்யா: அடை வேண்டாம், இட்லியும் முட்டையும் போதும். மலச்சிக்கல் எப்படி?

பெரியம்மா: மூன்று நாளைக்கு ஒரு தடவை. ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை.

வித்யா: குடலின் வேகம் குறைவதும் இந்த நோயோடு சேர்ந்ததுதான். பலருக்குக் கை நடுங்கப் பல வருஷம் முன்னாலேயே மலச்சிக்கல் வந்துவிடும். தண்ணீரைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் குடித்து முடிக்கட்டும். கொய்யா, பப்பாளி, வாழைத்தண்டு கொடுங்கள்.

கார்த்தி: என் நண்பன் அமெரிக்காவிலிருந்து கோ-கியூ 10 என்று ஒரு சத்து மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். நல்ல விலை.

வித்யா: அந்தக் காசுக்குப் பழம் வாங்கலாம். அதை 600 பேருக்கு, தினம் 1200, 2400 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பலனே இல்லை. வைட்டமின் ஈ-யும் அப்படித்தான், 1993-லேயே தெரிந்துவிட்டது. பி12 அளவைப் பார்ப்பதுதான் உபயோகம். லெவோடோபா ரொம்ப நாள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் சிண்டோபாவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். அது லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுமதி அத்தை: வாந்தி வந்தால் கடையில் மாத்திரை வாங்கலாமா?

வித்யா: கேட்காமல் வாங்காதீர்கள் அத்தை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு என்ற மாத்திரை இவருக்கு ஆகாது. நடுக்கமும் விறைப்பும் கூடிவிடும்.

பெரியப்பா: (குரல் பதிவு, எழுத்தில்) எல்லோரும் பேசுகிறீர்கள், என்னையும் கேட்கலாம். பசியோடு உட்காரச் சொன்னால் கோபம் வரும். ஆனால் மதியம் கால் நகர்ந்தால் அரை மணி என்ன, முக்கால் மணியும் இருக்கிறேன். முரளி, அந்த டப்பாவைத் திருப்பி அனுப்பு.

முரளி மாமா: திருப்பி எடுக்க மாட்டார்களாம் மச்சான்.

வித்யா: சரி மாமா, பிரிக்காமல் வைத்திருங்கள். வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது கொண்டு போகலாம். பெரியம்மா, அதுவரை எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்குக் கால் நிற்கிறது, இந்த மூன்றையும் காலண்டர் தாளில் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

பெரியம்மா: எழுதுகிறேன். கார்த்தி, என் போனில் ஒரு மணிக்கு ஒரு அலாரம் வை, ஒன்றரைக்கு ஒன்று வை.

கார்த்தி: வைத்துவிட்டேன் அம்மா.